பாகு தீர்ந்தால் உலக்கையைச் சாத்து

ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை. காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் லேபில் காலைக் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. அண்ணன் மகள் புதுவயலிலிருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். பிளஸ் டூ படிக்கிறாள். முந்தின வாரம் பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தின்போது கண் இருட்டி விழுந்திருக்கிறாள். வெயில்தான் காரணம் என்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். வீட்டிலோ, ராத்திரி செல்போன் பார்த்துத் தூங்காததுதான் காரணம் என்று திட்டு. அண்ணி போனில் சொன்னபோது நான் கேட்டது ஒன்றுதான்: "மாசா மாசம் எத்தனை நாள் போகுது?" எட்டு நாள் என்றார். "நாளைக்கே அனுப்பி வையுங்க அண்ணி" என்றேன்.

ஹீமோகுளோபின் 7.6. சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 64. அது 80-க்குக் கீழே வரக் கூடாது. அணு எண்ணிக்கை 39 லட்சம். இந்த மாதிரி ரிப்போர்ட் வந்தால் எம்.சி.வி.யை எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது எங்கள் பழக்கம். எண்ணிக்கையை மில்லியனில் எடுத்துக்கொள்வோம், அதாவது 3.9. விடை 13-க்கு மேல் வந்தால் பெரும்பாலும் இரும்புக் குறைவு, கீழே வந்தால் தாலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு இருக்குமோ என்று பார்க்க வேண்டும். அவளுக்கு 16 வந்தது. உடம்பின் இரும்புச் சேமிப்பைச் சொல்லும் ஃபெரிட்டின் வெறும் 5. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஸ்லைடைப் போட்டு லீஷ்மன் சாயம் ஏற்றி, எண்ணெய்ச் சொட்டு விட்டு லென்ஸை இறக்கினேன். உயிரியல் எடுத்திருக்கும் பிள்ளை ஆயிற்றே என்று அவளையும் பார்க்கச் சொன்னேன். நல்ல ரத்தத்தில் ஒரு சிவப்பணு, பக்கத்தில் கிடக்கும் லிம்போசைட் என்ற சின்ன வெள்ளையணுவின் உட்கரு அளவுக்கு இருக்கும். நடுவில் மூன்றில் ஒரு பங்குதான் வெளிறியிருக்கும். இவள் ரத்தத்தில் லிம்போசைட் உட்கருவுக்குப் பக்கத்தில் சிவப்பணுக்கள் பாதி வளர்ந்த பிள்ளைகள் மாதிரி நின்றன. ஓரத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு சிவப்பு வளையம், மற்றதெல்லாம் வெளிறல். சில பென்சில் மாதிரி நீண்டு கிடந்தன.

அவள் கண்ணை எடுக்காமலே கேட்டாள். "அத்தை, இரும்பு இல்லைன்னா அணு எண்ணிக்கைதானே குறையணும்? அளவு ஏன் குறையுது?"

22 வருஷமாக 'மைக்ரோசைட்டிக் ஹைப்போகுரோமிக்' என்று டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு ரிப்போர்ட்டாவது அப்படிப் போகும். சின்னது, வெளிறியது என்று அர்த்தம். ஏன் சின்னது என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. "இரும்பு இல்லை, அதனால ஹீமோகுளோபின் இல்லை, அதனால சின்னது" என்றேன். சொல்லும்போதே அது பாதி பதில்தான் என்று எனக்குத் தெரிந்தது.

ஹீமோகுளோபினில் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று ஹீம், இரும்பு உட்கார்ந்திருக்கும் இடம். இன்னொன்று குளோபின் என்ற புரதம். குளோபின் செய்ய இரும்பு வேண்டாம், அமினோ அமிலங்கள் போதும். அண்ணன் வீட்டில் பருப்புக்கும் முட்டைக்கும் குறைவில்லை. அப்படியானால் அந்தச் செல் குளோபினையாவது வயிறு முட்டச் செய்து வைத்துக்கொண்டு பெரிதாக இருந்திருக்கலாமே? ஏன் செய்யவில்லை? யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து மூன்று வாரம் ராத்திரி ராத்திரி இதைத்தான் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு அப்பத்தா ஞாபகம்தான் வந்தது.

அப்பத்தா செட்டியார் வீட்டு விசேஷங்களுக்குப் பலகாரம் சுடப் போகும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று எங்கே கல்யாணம் என்றாலும் இரண்டு நாள் முன்னாடியே ஆள் அனுப்பிவிடுவார்கள். பள்ளி விடுமுறையில் நானும் பின்னாலேயே போய்விடுவேன். அதிரசத்துக்கு மாவு இடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போகும் முன் இடிக்க வேண்டும். வீட்டின் இரண்டாம் கட்டில் நாலு பேர் உரலும் உலக்கையுமாக நிற்பார்கள். அப்பத்தா அடுப்படியில் பாகு அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பாகு வந்துகொண்டிருக்கும்வரை வாயே திறக்காது. வெற்றிலையை மென்றுகொண்டு கரண்டியைப் பார்த்தபடி இருக்கும். வெல்லம் குறைகிறது என்று கண்ணில் பட்ட நிமிஷம் ஒரு குரல் வரும்: "பாகு தீரப் போகுது, உலக்கையச் சாத்துங்கடி!"

ஒருமுறை அந்தக் குரலை ஒருத்தி காதில் வாங்காமல் இன்னும் அரை மரக்கால் இடித்துவிட்டாள். வெல்லம் வாங்கக் காரைக்குடி போன ஆள் திரும்பச் சாயங்காலம் ஆனது. அதற்குள் அந்த ஈரமாவு புளித்துவிட்டது. தெரியாமல் யாரோ அதை நல்ல மாவோடு சேர்த்துக் கிளற, மொத்த அதிரசமும் எண்ணெயில் பிரிந்து போயிற்று. வீட்டுக்கார ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. அப்பத்தாதான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

சிவப்பணுவாக வளர்ந்துகொண்டிருக்கும் செல்லுக்குள்ளும் இப்படி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எச்.ஆர்.ஐ. என்று பெயர், அதுவும் ஒரு புரதம்தான். அது பார்த்துக்கொண்டிருப்பது இரும்பைக்கூட அல்ல, ஹீமை. ஹீம் போதுமான அளவு இருக்கும்வரை அந்த ஹீமே வந்து ஒட்டிக்கொண்டு எச்.ஆர்.ஐ.யைச் சும்மா இருக்க வைக்கும். ஹீம் குறைந்தால் பிடி விடுகிறது, எச்.ஆர்.ஐ. விழித்துக்கொள்கிறது. உடனே அது போய்க் கை வைப்பது குளோபின் மேல் அல்ல. குளோபின் செய்கிற வேலையின் முதல் படியில் கை வைக்கிறது.

அந்த முதல் படிதான் எனக்கு ரொம்பப் பிடித்துப்போன இடம். புரதம் செய்கிற உரல் ரைபோசோம். (அதன் அமைப்பை அணு அணுவாகப் பிரித்துக் காட்டியதற்காக 2009-ல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவரான வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பிறந்தது சிதம்பரத்தில்.) உரல் தானாக ஆரம்பித்துவிடாது. எந்தப் புரதமாக இருந்தாலும் மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்தில்தான் தொடங்க வேண்டும். அந்த முதல் மெத்தியோனைனை ரைபோசோமிடம் கூட்டிக்கொண்டு வந்து விடுவதற்கென்றே ஒரு காரணி இருக்கிறது: இ.ஐ.எஃப்.2. வரும்போது ஜி.டி.பி. (GTP) என்ற எரிபொருளைக் கையில் வைத்துக்கொண்டு வரும். கொண்டுவந்து விட்டதும் அது செலவழிந்துவிடும். திரும்ப நிரப்பிக்கொடுக்க இ.ஐ.எஃப்.2பி என்று இன்னொருவர் இருக்கிறார். நிரப்பினால்தான் அடுத்த நடை.

எச்.ஆர்.ஐ. செய்வது மிகச் சின்ன வேலை. இ.ஐ.எஃப்.2-ன் ஆல்ஃபா துண்டில், 51-வது இடத்தில் இருக்கும் செரின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. அவ்வளவுதான். பாஸ்பேட் ஒட்டிய இ.ஐ.எஃப்.2, நிரப்ப வரும் இ.ஐ.எஃப்.2பி-ஐக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடாது. நிரப்புகிறவர் செல்லில் இருப்பதே குறைவு. அதனால் எல்லா இ.ஐ.எஃப்.2-க்கும் பாஸ்பேட் ஒட்ட வேண்டியதில்லை, ஒரு பங்குக்கு ஒட்டினாலே போதும், மற்றவையும் எரிபொருள் இல்லாமல் நின்றுவிடும். உரல்கள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன.

இதைக் கண்டுபிடித்த கதையும் சிவப்பணுவிலேயே நடந்திருக்கிறது. முயலின் இளம் சிவப்பணுக்களை உடைத்து எடுத்த சாற்றைக் கண்ணாடிக் குழாயில் வைத்தால் அது தானாகவே குளோபின் செய்யும். ஆனால் அதில் ஹீம் சேர்க்காவிட்டால் சில நிமிஷத்தில் சட்டென்று நின்றுவிடும். ஏன் நிற்கிறது என்று 1960களின் கடைசியிலிருந்து பல பேர் தலையை உடைத்துக்கொண்டார்கள். இர்விங் லண்டனும் அவரிடம் வேலை பார்க்க வந்த டிம் ஹன்ட்டும் அவர்களில் உண்டு. 1970களில்தான் காரணம் இந்தப் பாஸ்பேட் என்று தெளிவானது. டிம் ஹன்ட் பிறகு வேறு விஷயத்துக்காக, செல் பிரியும் சுழற்சிக்காக, 2001-ல் நோபல் வாங்கினார்.

ஆனால் அண்ணன் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் முயலில் இல்லை, எலியில் இருந்தது. ஜேன்-ஜேன் சென் என்ற விஞ்ஞானியின் குழு, எச்.ஆர்.ஐ. மரபணுவை எடுத்துவிட்ட எலிகளை வளர்த்து 2001-ல் முடிவை வெளியிட்டது. சாதாரணத் தீனி போட்டவரை அந்த எலிகளுக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. இரும்பில்லாத தீனி போட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. சாதாரண எலியின் சிவப்பணு, இவள் ரத்தத்தில் நான் பார்த்த மாதிரியே சிறுத்து வெளிறியது. எச்.ஆர்.ஐ. இல்லாத எலியின் சிவப்பணு சிறுக்கவில்லை! முழு அளவிலேயே இருந்தது. உள்ளே என்ன இருந்தது என்றால், ஹீம் கிடைக்காத வெறும் குளோபின். அது கரையாமல் கட்டி கட்டியாகப் படிந்து செல்லைக் கெடுத்தது. மஜ்ஜையிலேயே இளம் செல்கள் செத்தன. எண்ணிக்கை விழுந்தது. புளித்த மாவைச் சேர்த்துக் கிளறிய அதே கதை.

இதைப் படித்த ராத்திரி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு தடவை படித்தேன். 22 வருஷமாக மைக்ரோஸ்கோப்பில் நான் பார்த்து 'குறை' என்று எழுதியது, ஒரு செல் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட தடயம். கையில் இருக்கிற ஹீமுக்குத் தக்கபடி குளோபினை அளந்து செய்து, அதற்குத் தக்கபடி உடம்பையும் சுருக்கிக்கொண்டு, சின்னதாகவாவது ஓடி ஆக்ஸிஜனைச் சுமக்கிற செல். செட்டிநாட்டுப் பேரேட்டில் வரவுக்கு மிஞ்சிய செலவு எழுதினால் அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளை கையெழுத்துப் போட மாட்டார் என்பார்கள். கிட்டத்தட்ட அந்த ஒழுங்கு.

சிவப்பணுவில் இந்தக் கண்டிப்பு ஏன் இத்தனை முக்கியம் என்றும் ஒரு வார்த்தை. ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் அடைந்து கிடக்கின்றன. நம் மஜ்ஜை ஒரு நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் சிவப்பணுக்களைச் செய்து அனுப்புகிறது. முதிர்ந்த பிறகு அதற்கு உட்கருவும் இல்லை, ரைபோசோமும் இல்லை. உள்ளே புளித்த மாவு இருந்தாலும் மாற்றிக்கொள்ள வழியில்லை, 120 நாள் அதோடுதான் ஓட வேண்டும். உரல் இருக்கும்போதே கணக்குச் சரியாக இருக்க வேண்டும்.

ஹீம் மட்டும்தான் இப்படிப் பார்த்துக்கொள்ளப்படுகிறதா என்றால், இல்லை. உடம்பின் மற்ற செல்களிலும் அதே 51-வது செரினில் அதே பாஸ்பேட்டை ஒட்டக் காத்திருக்கிறவர்கள் இன்னும் மூன்று பேர். அமினோ அமிலத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் ஜி.சி.என்.2. சரியாக மடிக்கப்படாத புரதம் உள்ளே குவிந்தால் பெர்க். வைரஸ் நுழைந்தால் பி.கே.ஆர். கஷ்டம் வேறு வேறு, கை வைக்கும் இடம் ஒன்றே. எச்.ஆர்.ஐ.யேகூடச் சூட்டுக்கும் ஆர்செனிக் மாதிரியான நஞ்சுக்கும் எழுந்து நிற்கும்.

எல்லா உரலும் ஓய்ந்தால் செல் எப்படிப் பிழைக்கும் என்பதில்தான் இன்னொரு அழகு இருக்கிறது. பொதுவேலை நிற்கும்போது சில புரதங்கள் மட்டும் கூடுதலாகச் செய்யப்படும். அதில் முக்கியமானது ஏ.டி.எஃப்.4. அதைச் செய்யும் குறிப்பைச் சுமக்கும் செய்தி இழையின் (எம்.ஆர்.என்.ஏ.) முன்பக்கத்தில் பொய்யான தொடக்க இடம் ஒன்று இருக்கிறது. எங்கள் புதுவயல் பஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்ட நேரத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் நிற்பார்கள், பஸ்ஸும் நின்று நின்று போகும். மத்தியானம் ஆள் இல்லாதபோது இடையில் நிற்காமல் நேராகப் போய்விடும். இ.ஐ.எஃப்.2 தாராளமாக இருந்தால் ரைபோசோம் அந்தப் பொய் நிறுத்தத்தில் ஏற்றிக்கொண்டு தடம் மாறிவிடும். தட்டுப்பாடு வந்தால் அதைத் தாண்டிப் போய் உண்மையான நிறுத்தத்தில் ஏற்றும். அப்படிச் செய்யப்படும் ஏ.டி.எஃப்.4, அமினோ அமிலம் உள்ளே கொண்டுவரவும் ஆக்ஸிஜனேற்றச் சேதத்தைச் சமாளிக்கவும் வேண்டிய மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. நிலைமை சரியானதும் பாஸ்பேட்டைக் கழற்றி உரலைத் திரும்ப ஓட்டுகிற ஏற்பாடும் இதே வழியில் வருகிறது. சரியாகாமல் இழுத்துக்கொண்டே போனால், அதே பாதை செல்லைச் சாகவும் அனுப்பும்.

வளர்ச்சிப் பக்கத்துக்கு எம்டார் என்று வேறு ஒருவர். ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து கிடைத்த ராபாமைசின் என்ற மருந்து எதைத் தடுக்கிறது என்று தேடப்போய், 1991-ல் ஈஸ்ட்டில் அகப்பட்டது. சாப்பாடும் இன்சுலினும் போதுமான அளவு இருந்தால் எம்டார் இன்னொரு தொடக்கக் காரணியின் கட்டை அவிழ்த்துவிடும், செல் புரதம் செய்து பெருக்கும். இல்லாவிட்டால் கட்டு அப்படியே இருக்கும். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். ஒன்று மட்டும்: இரும்பு குறைந்த சிவப்பணுவில் எச்.ஆர்.ஐ. பாதை எம்டாரையும் அடக்கி வைக்கிறது என்று அதே சென் குழு பிறகு காட்டியிருக்கிறது. உலக்கையைச் சாத்தச் சொன்னதோடு நிற்காமல், அரிசி ஊறப் போடுவதையும் நிறுத்துவது மாதிரி.

இத்தனையும் படித்த பிறகு எனக்குக் கோபமும் வந்தது. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். அவர்களில் இரும்புக் குறைந்தவர்களின் மஜ்ஜையில் ஒவ்வொரு நொடியும் எச்.ஆர்.ஐ. எழுந்து நிற்கிறது. செல் இத்தனை சிக்கனமாக நடந்துகொள்கிறது, அந்தச் செல்லைச் சுமக்கிற பெண்ணை நாம் சோம்பேறி என்கிறோம். இவளுக்கும் பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், குமட்டுகிறது என்று ஜன்னல் வழியாகப் போட்டிருக்கிறாள். காலையில் வெறும் டீ. மாத்திரை போட்டாலும் டீயில் இருக்கும் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடல் உறிஞ்சாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார், மாதவிடாய்க்கும் தனியாகப் பார்க்கச் சொன்னார். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடு, டீயை இரண்டு மணி நேரம் தள்ளி வை என்று நான் சொல்லி அனுப்பினேன். எட்டாம் நாள் வரச் சொன்னேன்.

எட்டாம் நாள் அவளையே செய்யச் சொன்னேன். இரண்டு சொட்டு ரத்தம், இரண்டு சொட்டு நியூ மெத்திலீன் நீலம், சின்னக் குழாயில் கலந்து 37 டிகிரியில் கால் மணி நேரம். பிறகு ஸ்லைடில் இழுத்துக் காயவைத்துப் பார்க்க வேண்டும். வெளிறிய பச்சை நீலத் தட்டுகளுக்கு நடுவே சில செல்களில் மட்டும் கருநீலத்தில் நூல் சிக்கின மாதிரி ஒரு வலை தெரியும். இப்போதுதான் மஜ்ஜையை விட்டு வந்த இளம் சிவப்பணு அது, ரெடிகுலோசைட். அந்த நீல நூல் வேறு ஒன்றும் இல்லை, அதற்குள் மிச்சமிருக்கும் ரைபோசோம்களின் ஆர்.என்.ஏ. இன்னும் ஓரிரு நாளில் அதுவும் கரைந்து போகும். ஆயிரக்கணக்கில் இந்த வலைகளை எண்ணியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவை எனக்கு உரல்களாகத் தெரிந்தன.

அவள் வலது கையில் கவுண்டரை அழுத்திக்கொண்டே ஆயிரம் செல் எண்ணினாள். முதல் நாள் ஒரு சதவீதம் இருந்தது. இப்போது 6.8. "அத்தை, திரும்ப இடிக்க ஆரம்பிச்சிட்டாங்க" என்றாள். அப்பத்தா கதையை அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

ஆறு வாரம் கழித்துப் புரட்டாசியில் மறுபடி வந்தாள். ஹீமோகுளோபின் 10.9. மிஷின் அளவு வித்தியாசத்தைக் காட்டும் எண்ணைச் சிவப்பில் அடித்து, 'இயல்புக்கு மாறானது' என்று எச்சரித்தது. ஸ்லைடைப் பார்த்தோம். ஒரே வட்டத்துக்குள் இரண்டு வகைச் செல்கள். ஆடியில் செய்யப்பட்ட சின்ன, வெளிறிய செல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு இன்னும் நாள் பாக்கி. அவற்றுக்குப் பக்கத்திலேயே லிம்போசைட் உட்கருவுக்குச் சமமாக, சிவந்து, நிறைந்து புதியவை. அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சின்னதாக இருந்த ஒன்றை நடுவுக்குக் கொண்டுவந்து, "இது தீபாவளி வரைக்கும் ஓடுமா?" என்று கேட்டாள். ஓடும் என்றேன்.

அன்றைய ரிப்போர்ட்டில் மிஷின் அடித்த சிவப்பு எண்ணுக்குக் கீழே, 22 வருஷத்தில் முதல் முறையாக, இரண்டு வரி தமிழில் சேர்த்து டைப் அடித்தேன்: "இரு அளவுச் செல்கள் உள்ளன. சிறியவை பழையவை, பெரியவை சிகிச்சைக்குப் பின் வந்தவை." அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவள் நாலரை மணி பஸ்ஸுக்கு ஓடினாள்.